அணியத்துக்கு வச்ச நேர்த்தி

அகஸ்ரீனா காலமை எழும்பினா அவவின்ரை வாயிலை முதல் வாற சொல்லு "அரியண்டம்". செபம் அதுக்குப் பிறகு தான். அடுப்படியிலை எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா அரியண்டம். பஸ்ஸிலை பக்கத்திலை நிக்கிறவன் இருமினா அரியண்டம். போர்கோ வெக்கியோ சந்தையிலை மீன்காரன் ஊத்திவிடுற தண்ணி செருப்புக்குள்ளை போனா அது அரியண்டத்திலும் அரியண்டம். பலெர்மோச் சனம் மாட்டின்ரை மண்ணீரலைக் கொழுப்பிலை பொரிச்சுப் பாணுக்குள்ளை வச்சுத் தின்னுறதைக் கண்டு, இத்தாலிக்கு வந்த புதிசிலை றோட்டிலை நிண்டே ஓங்காளிச்சவ. தமிழ்ச் சனம் அவவுக்கு வச்ச பட்டமும் "அரியண்டம் அக்கா" தான். ஆனா உள்ளதைச் சொல்லவேணும், அந்த மனுசி துடைச்ச நிலத்திலை சோத்தைக் கொட்டித் தின்னலாம்.

அப்பிடிப்பட்டவ வரியக்கணக்கா, ஞாயிறுக்கு ஞாயிறு, தன்ரை உதட்டாலை முத்தி செய்தது எதை எண்டு கேட்டா உங்களுக்கும் வயித்தைப் பிரட்டும். கேளுங்கோ.

பிறந்தது மன்னார், பேசாலை. தகப்பனுக்குச் சொந்த வள்ளம் இருந்தது. சண்டை தொடங்கின காலத்திலை, கடலுக்குப் போகாதேங்கோ எண்டு வீட்டிலை எல்லாரும் கையைப் பிடிச்சு மறிக்க, "வீட்டிலை குந்திக் கொண்டிருந்தா மீன் நடந்து வருமே?" எண்டு கேட்டுப் போட்டுப் போனவர். அண்டைக்கு மேலாலை ஒரு பிளேன் வந்தது. கூடப் போன பெடியன் ஒருத்தன் நீந்திக் கரைக்கு வந்து சொன்னான். மனுசன் எழும்பி நிண்டு, தோளிலை கிடந்த துவாயை எடுத்து, நாங்கள் மீன்பிடிக்கிற சனம், மீன்பிடிக்கிற சனம் எண்டு கத்தி ஆட்டினவராம். பிளேன் ஒருக்காச் சுத்திப் பாத்துப் போட்டுப் போய், திரும்பி வந்து சுட்டதாம். வள்ளம் ஓட்டையோடை கரை ஒதுங்கினது. அவர் வரேல்லை.

இந்தக் கதையை அகஸ்ரீனாவுக்கு முன்னாலை ஒருத்தரும் எடுக்கக் கூடாது. எடுத்தா எழும்பிப் போயிடுவா. அழுறதுக்கு எண்டு நினைக்காதேங்கோ. அவவுக்கு ஓங்காளிச்சுச் சத்தி வரும்.

எண்பதுகளின்ரை கடைசியிலை மாமன் ஒருத்தர் கூப்பிட்டு, சிசிலித் தீவிலை இருக்கிற பலெர்மோவுக்கு வந்து சேந்தா. பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, பணக்கார வீட்டம்மா, அவவின்ரை வீட்டிலை வேலை. சமைக்கிறது, துடைக்கிறது, சிஞ்ஞோராவின்ரை கிழட்டுத் தகப்பனைப் பாக்கிறது. அந்தாளை ஊரெல்லாம் "கவலியேரே" எண்டு தான் கூப்பிடும். ஏதோ அரசாங்கம் குடுத்த பட்டமாம். கொழுத்த பட்டம், மெலிஞ்ச மனுசன். கதிரையிலை இருத்தித் தள்ள வேணும். சனிக்கிழமை பின்னேரம் வேலை முடிஞ்சா அகஸ்ரீனா நேரை கோயிலுக்குத் தான் போவா. போர்கோ வெக்கியோவுக்குள்ளை, ரண்டு மீன்கடைக்கு நடுவிலை நெரிபட்டுக் கொண்டு நிக்கிற சின்னக் கோயில். அதைக் கூட்டித் துடைக்கிறதைத் தானே கேட்டு எடுத்தவ. வேறை ஆரும் துடைச்சா அவவுக்குப் பிடிக்காது.

அந்தக் கோயிலின்ரை இடப்பக்க மூலையிலை ஒரு மாதா சுருவம். மாதாவுக்குக் கூடு எண்டு மரத்திலையோ கல்லிலையோ ஒண்டும் இல்லை. ஆளிலும் உயரமா, கூர் மேலை பாத்தபடி, நடுவாலை ஏரா எண்ட அடிமரம் ஓடின மாதிரி முதுகு வச்சு, நீலப் பெயின்ற் மேலுக்கு மேலை அப்பி, செங்குத்தா நிண்டது ஒரு அணியம். வள்ளத்தின்ரை முன்பக்கம். பலெர்மோவுக்கு வந்திருந்த பேசாலைச் சனம் முதல் அதைக் கண்டிட்டு அப்பிடியே நிண்டிட்டினம். கிளறாக்கா எண்டு ஒரு மனுசி, அகஸ்ரீனாவின்ரை பக்கத்து வீடு, அவ முழங்காலிலை விழுந்து, "என்ரை தாயே, எங்களைத் தேடி வள்ளத்திலை எல்லோ வந்து நிக்கிறாய்!" எண்டு குளறினா. அவவின்ரை புருசன் பீலிக்ஸ் கையாலை தட்டிப் பாத்தார். தகரச் சத்தம் கேட்டது. "இவங்கள் பணக்காரர், தகரத்திலையும் வள்ளம் அடிப்பாங்கள்" எண்டு தீர்ப்புச் சொன்னார். கடல்காரன் சொன்னாப் பிறகு ஆர் கேள்வி கேக்கிறது?

எங்கடை கடற்கரையிலை அணியத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. செருப்புக் காலோடை அதிலை ஏற ஒருத்தனும் துணிய மாட்டான். பெருநாளுக்குப் பூக்கட்டி, தீர்த்தம் தெளிச்சு, கையாலை தொட்டு நெத்தியிலை சிலுவை போட்டுப் போட்டுத் தான் வள்ளத்தைத் தள்ளுவினம். அந்த மரியாதை முழுக்க இந்த மூலைக்கு வந்தது. மல்லிகை கிடைக்காட்டி பிளாஸ்ரிக் பூ. சுகமில்லாத பிள்ளையளைக் கொண்டுவந்து கீழை கிடத்துவினம். கடல் வழியா வாற சொந்தங்களுக்கு மெழுகுதிரி. முத்தி செய்து முத்தி செய்து ஒரு இடத்திலை பெயின்ற் கழண்டு பளபளத்தது.

சிசிலிச் சனம் இதைப் பாத்துக் கண்கலங்கினது தான் பெரிய பகிடி. அவைக்கு அது என்னவெண்டு தெரியும். இந்தத் தமிழ்ச் சனமும் தெரிஞ்சு தான் கும்பிடுது எண்டு நினைச்சிட்டினம். நாங்களும் கேக்கேல்லை, அவையும் சொல்லேல்லை. கேட்டாத் தானே சொல்லுவினம்.

அகஸ்ரீனாவின்ரை மனுசன் டெனிஸ்டன், கலியாணம் கட்டின கையோடை அவ வெளிக்கிட, ஊரிலை நிண்டவன். பிறகு ஏஜென்சிக்காரனைப் பிடிச்சு வெளிக்கிட்டான். எங்கையெங்கையோ அலைஞ்சு, கடைசியிலை கப்பல் ஏறப்போறன் எண்டு ஒரு ரெலிபோன். அதுக்குப் பிறகு மூச்சில்லை. கிழமை போச்சு, மாதம் போச்சு. அகஸ்ரீனா சாப்பாட்டை வாயிலை வச்சா உள்ளை இறங்காது. ஒரு சனிக்கிழமை கோயிலைத் துடைச்சு முடிச்சிட்டு, அணியத்தைக் கட்டிப்பிடிச்சு நெத்தியை முட்டி முட்டி நேர்ந்தா. "தாயே, என்ரை மனுசனைக் கரை சேத்து விடு. எனக்குப் பிறக்கிற முதல் பிள்ளைக்கு இந்த அணியத்துக்குக் கீழை ஞானஸ்நானம் குடுக்கிறன்."

டெனிஸ்டன் வந்து சேந்தான். காஞ்ச கருவாடு மாதிரி வந்தான், ஆனா வந்தான். அடுத்த வரியம் ஆம்பிளைப் பிள்ளை பிறந்தது. தொண்ணூற்றி நாலாம் ஆண்டு வைகாசி மாதத்து ஞாயிறு ஒண்டுக்குப் பாதர் டொன் லிபோரியோவோடை கதைச்சு ஞானஸ்நானத்துக்கு நாள் குறிச்சாச்சு. நேர்த்தி தவறினா அது பிள்ளையிலை தான் பிடிக்கும் எண்டு கிளறாக்கா காது புளிக்கச் சொல்லி வச்சிருக்கிறா. அகஸ்ரீனாவுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கிழமை வியாழக்கிழமை. வியாழன் எண்டா கவலியேரேக்குக் கால் கழுவி நகம் வெட்டுற நாள். சுடுதண்ணிக் கோப்பையிலை அந்தாளின்ரை காலை ஊறப் போட்டிட்டு, அகஸ்ரீனா கீழை குந்தி இருந்தா. மஞ்சள் பூத்த நகம், ஆட்டுக் கொம்பு மாதிரி வளைஞ்சது. மூச்சைப் பிடிச்சுக் கொண்டு தான் வெட்டுவா. காசுக்குச் செய்யிற வேலையிலை மூக்கைச் சுழிக்கேலாது தானே.

"ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானமாமே, அகஸ்தீனா?" எண்டார் கிழவர்.

"ஓம் கவலியேரே. மூலையிலை நிக்கிற மாதாவுக்கு முன்னாலை. அந்த வள்ளத்துக்குக் கீழை."

"எந்த வள்ளம்?"

"மாதா நிக்கிற வள்ளம்."

கிழவர் அவவின்ரை முகத்தைப் பாத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தண்ணி சிந்தச் சிந்த, காலை அடிச்சு அடிச்சுச் சிரிப்பு. கண்ணாலை தண்ணி ஓடினது. "வள்ளமோ! மடோன்னா மீயா! அது என்ரை பிளேன்ரை சப்பாத்து, பிள்ளை!"

அகஸ்ரீனாவுக்கு விளங்கேல்லை. கிழவருக்கோ அம்பது வரியமா ஆரும் கேளாத கதை. விடுவாரோ? மேசை லாச்சியைத் திறந்து படம் ஒண்டை எடுத்துக் காட்டினார். மூண்டு எஞ்சின் வச்ச பெரிய பிளேன், தண்ணியிலை மிதந்து கொண்டு நிண்டது. கீழை ரண்டு நீட்டு மிதவை, ரண்டு தோணியைக் காலிலை கட்டின மாதிரி. பறக்கிறவங்கள் அந்த மிதவையளுக்கு வச்ச பேர் சப்பாத்து. பிளேன்ரை பேர் ஏரோனே, நாரை எண்டு அர்த்தம். இறக்கை எல்லாம் மரம், சப்பாத்து மட்டும் தகடு. சண்டைக் காலத்திலை மர்சாலாப் பக்கம், உப்பளம் ஓரமாக் கிடக்கிற கடலிலை இருந்து விடிய எழும்பி, ஆபிரிக்காக் கரை மட்டும் ரோந்து போவினமாம். கப்பலைக் கண்டா றேடியோவிலை சொல்லுறது. சின்னக் கப்பலெண்டா தாங்களே குண்டைப் போட்டு முடிக்கிறது. கவலியேரேக்கு அப்ப இருபத்தஞ்சு வயசும் ஆகேல்லை. பிளேன்ரை வயித்துக்குக் கீழை ஒரு கண்ணாடிக் கூடு. அதுக்குள்ளை குப்புறக் கிடந்து கடலைப் பாக்கிறதும், குண்டு விழுத்திற பிடியை இழுக்கிறதும் அவரின்ரை வேலை.

"மேலை இருந்து பாத்தா வள்ளமெல்லாம் சீரகம் சிந்தின மாதிரிக் கிடக்கும்," எண்டார். "ஒருநாள் முழுக்கத் தேடியும் ஒரு கப்பல் அம்பிடேல்லை. குண்டோடை திரும்பி வந்து தண்ணியிலை இறங்கிறது ஆபத்து. எங்கையாவது கொட்ட வேணும். கீழை ஒரு பாய்க்கப்பல், சின்னன், ரண்டு மூண்டு பேர். கொடி இல்லை. என்ரை கப்பித்தான் சொன்னார், அதிலை பழகிப் பார் எண்டு. ஒருத்தன் எழும்பி நிண்டு துணியை ஆட்டினான், அகஸ்தீனா! கலியாண வீட்டுக்குக் கூப்பிடுற மாதிரி! ரண்டாவது குண்டு சரியாப் போய் விழுந்தது. அண்டைக்குத் தான் எனக்குக் கை திருந்தினது."

சொல்லிப் போட்டுச் சிரிச்சார். நல்ல மனுசன் மாதிரிச் சிரிச்சார், அதைத் தான் அகஸ்ரீனாவாலை தாங்கேலாமல் போச்சு. அவவின்ரை கையிலை அந்தாளின்ரை பெருவிரல் கிடந்தது. விடவும் இல்லை, வெட்டவும் இல்லை.

கிழவர் நிப்பாட்டேல்லை. பிறகு அதே பிளேனுக்கு வெள்ளை அடிச்சு, செஞ்சிலுவை கீறி, கடலிலை விழுந்த ஆக்களைத் தூக்கித் திரிஞ்சவையாம். எத்தினையோ பேரைக் காப்பாத்தினவையாம். கடைசியிலை பலெர்மோத் துறைமுகத்திலை குண்டு விழுந்து பிளேன் எரிஞ்சு போக, ஒரு சப்பாத்து மட்டும் மிதந்து கிடந்ததாம். அரெனெல்லாப் பக்கத்து மீன்காரர் இழுத்துக் கொண்டு போய், கனகாலம் அதுக்குள்ளை மீன் இரை போட்டு வச்சவங்களாம். சண்டை முடிஞ்ச பிறகு பழைய சிநேகிதர் எல்லாம் சேந்து தேடிப் பிடிச்சு, மூக்கை மட்டும் அறுத்து எடுத்து, பறக்கிற ஆக்களின்ரை பாதுகாவலி லொரேத்தோ மாதாவுக்குக் கூடு மாதிரிக் கோயிலிலை நட்டவையாம்.

"நாங்கள் எல்லாரும் செத்துப் போனம், நான் தான் மிச்சம். ஆனா நீங்கள் வந்து பூப்போட்டுக் கொஞ்சுறியள். கடவுள் அனுப்பின சனம்!" எண்டு சொல்லி அவவின்ரை தலையிலை கையை வச்சார். "உன்ரை பிள்ளைக்கு நான் தான் பத்ரீனோ. மெடல் எல்லாம் குத்திக் கொண்டு வாறன்."

பத்ரீனோ எண்டா ஞானத்தகப்பன். சிசிலியிலை அது சும்மா உறவில்லை. ஒரு முதலாளி வேலைக்காரியின்ரை பிள்ளைக்குத் தானாக் கேட்டுப் பத்ரீனோ ஆகிறதெண்டா ஊரே வாயைப் பிளக்கும். அகஸ்ரீனாவின்ரை வாய் பழக்கத்திலை "ஓம் கவலியேரே, கிராச்சியே" எண்டு நன்றியும் சொல்லிட்டுது. பிறகு கோப்பையைத் தூக்கிக் கொண்டு குசினிக்குப் போய், தொட்டியைப் பிடிச்சுக் கொண்டு, குடல் வெளியிலை வாற மாதிரிச் சத்தி எடுத்தா. வாயைக் கழுவினா. திரும்பக் கழுவினா. சவுக்காரம் போட்டு உதட்டைத் தேய்ச்சா. தான் முத்தி செய்த வாய், தான் ஓம் எண்ட வாய். சீ!

அண்டைக்குப் பின்னேரம் கிளறாக்காவிட்டை ஓடினா.

"அக்கா, நாங்கள் கும்பிட்டது வள்ளமில்லை. குண்டு போட்ட பிளேன்ரை சப்பாத்து."

"சப்பாத்தோ?" கிளறாக்கா நெஞ்சிலை கையை வச்சா. அணியத்திலை செருப்புக் கால் பட்டாலே தலையிலை அடிக்கிற மனுசி. "இதென்ன கண்டறியாத கூத்து, பிள்ளை! சப்பாத்துக்குள்ளையோ மாதாவை விட்டிருக்கிறாங்கள்?" பிறகு பயந்த குரலிலை சொன்னா, "எடி, ஆனா நேர்த்தி நேர்த்தி தானே. நீ வாயாலை சொல்லிப் போட்டாய். விளையாடாதை. பிள்ளைக்கும் இருமல் கண்டிருக்கெண்டு சொன்னனி."

பிள்ளைக்கு இருமல் தான். சந்தைக் காத்துக்கு எல்லாப் பிள்ளையும் இருமும். எண்டாலும் தாய் மனம்.

அடுத்த நாள் டொன் லிபோரியோவிட்டைப் போனா. பாதர் மத்தியானச் சாப்பாட்டிலை இருந்தார், மேவாயிலை தக்காளி ஒட்டினபடி. "தகரம் தானே மகளே," எண்டார். "பீரங்கியை உருக்கிக் கோயில் மணி வாக்கிறேல்லையோ? மாதா வந்து நிண்டா எல்லாம் சுத்தமாயிடும். அதோடை, கவலியேரே எங்கடை கோயில் கூரைக்கு எவ்வளவு உதவி செய்திருக்கிறார் எண்டு உனக்குத் தெரியாது. மறுத்துக் கிறுத்துப் போடாதை."

"மூத்திரச் சட்டியைக் கழுவிப் போட்டு அதிலை சோறு போட்டா நீங்கள் தின்னுவியளோ, பாதர்?" எண்டு கேக்க நாக்கு நுனி மட்டும் வந்தது. கேக்கேல்லை. அவவுக்குத் தெரிஞ்ச இத்தாலியனிலை அவ்வளவு நாத்தத்தைச் சொல்ல வழியில்லை.

வீட்டை வந்து டெனிஸ்டனிட்டைக் கொட்டினா. அவன் பாவம், பொறுமையான மனுசன். பிள்ளையைத் தோளிலை போட்டுத் தட்டிக் கொண்டு கேட்டான். கேட்டு முடிய, நிலத்தைப் பாத்துக் கொண்டு சொன்னான்.

"உமக்கு நான் ஒண்டு சொல்லேல்லை. எங்கடை கப்பல் எஞ்சின் நிண்டு போய்க் கிடந்தது. தண்ணியும் முடிஞ்சுது. அப்ப மேலாலை ஒரு பிளேன் வந்தது. ரோந்துப் பிளேன். சுத்திச் சுத்திப் பாத்திட்டுப் போச்சு. எல்லாரும் சேட்டைக் கழட்டி ஆட்டினம். அடுத்த நாள் தான் கரையிலை இருந்து கப்பல் வந்து எங்களைக் கட்டி இழுத்தது. அந்தப் பிளேன் எங்களைக் காணாட்டி நான் இல்லை, அகஸ்ரீனா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பிளேன் எண்டு சொன்னா உமக்குச் சத்தி வருமெண்டு."

கிளறாக்கா அதைக் கேட்டிருந்தா கையெடுத்துக் கும்பிட்டு, பாத்தியோ, நீ எதைக் கட்டிப்பிடிச்சு அழுதியோ அதின்ரை இனம் தான் போய்க் கண்டு பிடிச்சிருக்கெண்டு பெரிய பிரசங்கமே வச்சிருப்பா. அகஸ்ரீனாவுக்கும் அது விளங்காமல் இல்லை. விளங்கினது தான் இன்னும் அரியண்டமா இருந்தது. நன்றியும் சத்தியும் ஒரே தொண்டையாலை வந்தா மனுசி என்ன செய்யிறது?

"கண்டது சரி," எண்டா கடைசியிலை. "என்ரை அப்புவையும் கண்டது தானே. வடிவாச் சுத்திப் பாத்திட்டுத் தானே வந்து சுட்டது. காணுறதிலை ஒண்டும் இல்லை. கண்ட பிறகு என்ன செய்யிறானெண்டது தான் கதை."

டெனிஸ்டன் பிள்ளையை மற்றத் தோளிலை மாத்திப் போட்டான். பிறகு மெல்லமாச் சொன்னான், "வேலையும் போயிடும். நாங்கள் மறுத்தா அந்தாள் சும்மா விட மாட்டார். பல்லைக் கடிச்சுக் கொண்டு ஒருநாள் தானே." அவன் பிழையாச் சொல்லேல்லை. வயித்துப்பாடு அப்பிடித் தான் கதைக்கும்.

சனிக்கிழமை பின்னேரம் அகஸ்ரீனா வழக்கம் போலைக் கோயிலுக்குப் போனா. நிலத்தைத் துடைச்சா, சனம் குந்துற வாங்கைத் துடைச்சா, மூலைக்கு மட்டும் போகேல்லை. கடைசியிலை வேறை வழியில்லாமல் வாளியைக் கீழை வச்சிட்டு முன்னாலை போய் நிண்டா. இப்ப பாக்க அது வள்ளம் மாதிரியே இல்லை. எப்பிடித் தான் கண் கட்டினதோ! தகட்டுக்கு மேலை வரிசை வரிசையா ஆணிப் பொட்டு. எந்த வள்ளத்திலை அப்பிடி ஆணி அடிக்கிறாங்கள்? முத்தி செய்து கழண்ட இடத்தைப் பாக்க அவவுக்கு உதடு கூசினது.

"எப்பிடியம்மா இதுக்குள்ளை நிக்கிறாய்?" எண்டு மாதாவைக் கேட்டா. "உனக்கு மணக்கேல்லையே?"

மாதா எப்பவும் போலை ஒரு பக்கம் சரிஞ்சு, ஒண்டும் தெரியாத மாதிரி நிண்டா. அகஸ்ரீனாவுக்கு முதலிலை கோவம் வந்தது. பிறகு அந்த முகத்தைப் பாக்கப் பாக்கப் பாவமா இருந்தது. அவவை ஆர் கேட்டு இதுக்குள்ளை ஏத்தினவங்கள்? கொண்டு வந்து விட்ட வீட்டிலை நிக்கிறா, தன்னைப் போலை.

"நான் நேர்ந்தது உனக்கு," எண்டு சொன்னா. "இந்தத் தகரத்துக்கில்லை. சொன்ன இடத்திலை சொன்ன மாதிரிப் பிள்ளையைக் கொண்டு வாறன். என்ரை நேர்த்தி தவறாது. ஆனா அந்தாளின்ரை கை என்ரை பிள்ளையிலை படாது. அதை நான் நேரேல்லை." வாளியைத் தூக்கிக் கொண்டு போனா. அந்த மூலையை அண்டைக்குத் துடைக்கேல்லை.

ஞாயிறு பூசைக்குத் தமிழ்ச் சனம் நிரம்பி வழிஞ்சுது. காஞ்சிபுரம், கனகாம்பரம், கமெரா. கிளறாக்கா எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டா. அரைவாசிச் சனம் மூலையைப் பாக்காமல் நிண்டுது, அரைவாசிச் சனம் எதுக்கும் ஒருக்காத் தொட்டுக் கும்பிட்டு வைச்சுது. பூசை முடிஞ்சு எல்லாரும் மாதாவைச் சுத்தி நிக்க, வாசலாலை கவலியேரே வந்தார். கதிரையை சிஞ்ஞோரா தள்ளினா. நெஞ்சு நிறைய மெடல், கழுத்திலை நீலப் பட்டி, மயிருக்கு வாசனை எண்ணெய். மடியிலை பிள்ளைக்கெண்டு வெள்ளிச் சங்கிலி. சிசிலிக் கிழவியள் இடம் விட்டு விலத்திக் கண்ணைத் துடைச்சினம். டொன் லிபோரியோ குனிஞ்சு கை குடுத்தார்.

கவலியேரே ரண்டு கையையும் நீட்டினார். "கொண்டா, என்ரை மகனைக் கொண்டா."

நீட்டின கையைப் பாத்தா அகஸ்ரீனா. வியாழக்கிழமை அந்தக் கை நகத்தையும் அவ தான் வெட்டி விட்டவ. சுத்தமான கை, சின்னப் பிள்ளையின்ரை மாதிரி மெத்தெண்ட கை. பிள்ளையை நெஞ்சோடை இறுக்கிப் பிடிச்சா.

"கவலியேரே, நான் ஒண்டு கேக்கிறன்," எண்டா இத்தாலியனிலை. குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "துணியை ஆட்டினானே ஒருத்தன், அவன் ஆர்?"

"எந்தத் துணி?" எண்டா சிஞ்ஞோரா. அவவுக்கு ஒண்டும் தெரியாது.

கிழவருக்குத் தெரிஞ்சது. நீட்டின கை கொஞ்சம் பதிஞ்சுது. "இதென்ன கேள்வி இண்டைக்கு? சண்டைக் காலம், பிள்ளை. எதிரியா இருக்கும்."

"எதிரி துணி ஆட்டுவானோ? வலை கிடந்ததோ வள்ளத்திலை?"

டொன் லிபோரியோ "அகஸ்தீனா, அகஸ்தீனா" எண்டு அவவின்ரை முழங்கையைப் பிடிச்சார். அவ தட்டி விட்டா.

"மேலை இருந்து பாத்தா எனக்கு எப்பிடித் தெரியும்?" எண்டார் கவலியேரே. "அவ்வளவு உயரத்திலை இருந்து ஆர் எவரெண்டு ஆருக்குத் தெரியும்? நான் என்னெண்டு கேக்கிறது?"

"இறங்கிக் கேட்டிருக்கலாம், கவலியேரே," எண்டா அகஸ்ரீனா. "உங்கடை பிளேன் தண்ணியிலை இறங்கிற பிளேன் தானே. காலிலை சப்பாத்துப் போட்டிருந்ததே அதுக்குத் தானே."

கிழவர் தலையை நிமித்தி, மாதாவுக்குப் பின்னாலை நிண்ட அந்த நீலத் தகட்டைப் பாத்தார். அதை அம்பது வரியமாப் பாத்துக் கொண்டு தான் இருந்தவர். அண்டைக்குத் தான் கண்டவர் மாதிரி முகம் போச்சு. சிஞ்ஞோரா குனிஞ்சு, "என்னப்பா, அவ என்ன சொல்லுறா, எந்த வள்ளம்?" எண்டு கேட்டுக் கொண்டே இருந்தா.

டெனிஸ்டன் தான் முதல் அசைஞ்சான். கூட்டத்தை விலத்திக் கொண்டு போய், சிஞ்ஞோராவின்ரை கையிலை இருந்து கதிரையின்ரை பிடியை மரியாதையா வாங்கி, கிழவரை மூலையாலை பின்னுக்கு இழுத்து, கடைசி வாங்குக்குப் பக்கத்திலை கொண்டு போய் விட்டிட்டு வந்தான். வந்து பீலிக்ஸின்ரை தோளிலை தட்டி, "அண்ணை, ஞானத்தகப்பனா நீங்கள் நில்லுங்கோ" எண்டான்.

டொன் லிபோரியோ பிள்ளையின்ரை தலையிலை தண்ணியை வாக்க, பிள்ளை வீரிட்டுக் கத்தினது. கடைசி வாங்கிலை இருந்து கவலியேரே கையிலை கிடந்த வெள்ளைத் துணிக் கைலேஞ்சியை மேலை தூக்கிப் பிடிச்சு, இஞ்சை பாருங்கோ, இஞ்சை பாருங்கோ எண்ட மாதிரி ஆட்டிக் கொண்டிருந்தார். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை.